வடக்குச் சுவரோரம் ஒரு ஆள் இடம்

ஆர்ன்பரியில் ஒரே தேநீர்க் கெண்டிக்கு இரண்டு விலை உண்டு. பேராலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறவருக்கு ஒரு விலை, காலடியைப் பார்த்து நடக்கிற உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை. அண்ணாந்த கழுத்துக்காரர் பேரம் பேசமாட்டார். தொள்ளாயிரம் வருஷத்துக் கல்லைப் பார்த்து மனம் இளகி நிற்கிறவரிடம் மூக்கு உடைந்த கெண்டியைக்கூடத் தள்ளிவிடலாம். நாலு தலைமுறையாக எங்கள் குடும்பம் அந்தக் கோபுர நிழலில்தான் பீங்கான் விற்கிறது. கர்த்தருக்கு அடுத்தபடி நாங்கள் கடமைப்பட்டது அதைக் கட்டிய கொத்தனார்களுக்கு. என் பெயர் டென்சில் ஹாப்குட். சனிக்கிழமைச் சந்தையில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், கூடவே ஜாக்கிரதையாக இருக்கவும் சொல்லி அனுப்புவார்கள்.

செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை எங்கள் ஊர் பேராலயத்தைக் கட்டிப்பிடிக்கும். கதைக்காகச் சொல்லவில்லை. உச்சிப்பொழுதுக்கு ஊரே கூடி, கைகோத்து, சுவரைப் பார்த்தபடி சுற்றி வளைத்து நிற்கும். வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் பாடும். பாட்டு முடியும்போது மூன்று தடவை எல்லாரும் சேர்ந்து முன்னால் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு பன்னும் தேநீரும். இதில் அதிசயம் என்னவென்றால், எங்கள் ஊர்க்காரர்கள் பெற்ற பிள்ளையைப் போருக்கு அனுப்பும்போதுகூடக் கைகுலுக்கித்தான் அனுப்பினார்கள். வாசலில் நிற்கிற அத்தைக்கு முத்தம் கொடுக்க இரண்டு தடவை யோசிக்கிற சாதி. அவர்களுக்கும் எதையாவது கட்டிப்பிடிக்க ஆசை இருக்குமல்லவா, கல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். கல் திருப்பிக் கட்டிப்பிடிக்காது. அது ஒரு நிம்மதி.

ஆனால் பல வருஷமாக வளையம் முழுசாகச் சேரவில்லை. அங்கங்கே ஓட்டை. கழுத்துத் துண்டு, குடை, நாய்ச் சங்கிலி என்று கையில் கிடைத்ததை நீட்டிப் பிடித்து ஒட்டுப்போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். ஊர் சுருங்கிவிட்டது, இளசுகள் எல்லாம் லண்டனுக்குப் போய்விட்டன, ஆள் போதவில்லை என்று மதுக்கடையில் எல்லாரும் தலையாட்டினோம். தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

இந்த நிலையில்தான் தலைமைக் குருவானவர் ஹெஸ்டர் லவிபாண்ட் சந்தைக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மாள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்தவர். அங்கியை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். சந்தையில் அவருக்குக் குருவம்மா என்று பெயர். எட்டுமூலை மண்டபத்தில் எங்களை உட்காரவைத்து விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். பேராலயக் கூரையின் ஈயத்தகடு பிய்ந்துவிட்டது. மழைநீர் சுவருக்குள் இறங்குகிறது. சந்தை கூடுகிற வடக்குப் புல்வெளியைத் தளம் போட்டு, சுற்றுலாப் பேருந்துகள் நிற்க வாடகைக்கு விடலாம் என்று ஆலயச் சபையில் பேச்சு வந்திருக்கிறது. சந்தைக்குப் புறவழிச் சாலையில், பழைய பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், இடம் தருவார்கள். திங்கட்கிழமை, அதாவது கட்டிப்பிடிக்கும் நாளுக்கு மறுநாள் விட்டு மறுநாள், ஓட்டெடுப்பு.

பணிமனைக்குப் பின்னால் கோபுரம் தெரியாது. அண்ணாந்த கழுத்துகள் அங்கே வராது. வருகிற உள்ளூர்க்காரரை மட்டும் நம்பினால் கிறிஸ்துமஸுக்குள் என் கெண்டிகளை நானே வாங்கித் தேநீர் குடிக்கவேண்டியதுதான். என்னை விடுங்கள். மீன்கார ரஸ்ஸலுக்கு மூன்று பெண் பிள்ளைகள். பூக்காரி, பழைய புத்தகம் விற்கிறவர், பன்றிக்கறி பை சுடுகிற தம்பதி என்று எல்லாருக்கும் அந்தப் புல்வெளிதான் அடுப்பு. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். எங்கள் ஊரில் கலவரம் என்றால் அதுதான். நான் மட்டும் பின்தங்கினேன்.

சந்தைக்கும் கோயிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"நான் சொல்லல மிஸ்டர் ஹாப்குட். உங்க வளையம் சொல்லுது. போன வருஷம் நானே சுத்திப் பாத்தேன். சந்தைக்காரங்க பாதிப் பேர் கடைய விட்டு நகரல. வடக்குப் பக்கத்துல ஒரு நாயும் ரெண்டு குடையும்தான் கோயிலக் கட்டிப்பிடிச்சிட்டு இருந்துச்சு."

அதில் ஒரு குடை என்னுடையது. அதைச் சொல்லவில்லை.

"இந்த வருஷம் முழுசாச் சேந்துச்சுன்னா?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். விடிகாலையில் படகிலிருந்து இறங்கும் மீனைப் பார்க்கிற பார்வை. சபையில் ஓட்டு சரிபாதியாக நிற்கிறதென்றும், தன் ஓட்டுத்தான் தராசு முள் என்றும் சொன்னார். வளையம் சேர்ந்தால், இது ஊரின் கோயில், ஊரோடு சேர்ந்த சந்தை என்று அவருக்கே நம்பிக்கை வரும். கூரைக்கு வேறு வழி தேடச் சொல்லி ஓட்டுப் போடுவார். ஆனால் குடை கூடாது, துண்டு கூடாது, நாய் கூடாது. கையோடு கை. பேருந்தில் வந்திறங்குகிற ஆளைப் பிடித்து நிறுத்துவதும் கூடாது.

"எத்தனை வருஷத்துக்குச் சந்தைய அங்கேயே விடுவீங்க?" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க."

"அட, பெரியவங்க நீங்க சொல்லுங்க."

முதலில் எண்ணைச் சொல்கிறவன் தோற்றான். இது என் அப்பாவின் வேதம். குருவம்மாவின் அப்பாவும் மீன் ஏலக்காரராக இருந்திருக்கவேண்டும். இரண்டு பேரும் வாயை இறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் கண்ணாடியில் இருந்த புனிதர்களைப் பார்த்தோம். கடைசியில் எண்ணை அன்றைக்கே பேசிக்கொள்ளலாம் என்று கைகுலுக்கிப் பிரிந்தோம். நல்ல கை. பிடித்தால் விடாத கை.

அன்று தொடங்கி நான் வாய் ஓய்ந்து உட்காரவில்லை. சந்தை முழுக்க அலைந்தேன். வரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் எதற்கும் மாட்டேன் என்று சொல்வதில்லை, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் வானிலையைப் பேச விடாமல் ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கினேன். மேட்டுத் தெருவில் சாய்ந்து நிற்கிற வீடுகளின் கதவுகளையெல்லாம் தட்டினேன். ஆற்றங்கரைப் படகுக்காரர்களைப் பிடித்தேன். புதுக் குடியிருப்புகளுக்குக்கூடப் போனேன். அங்கே இருப்பவர்கள் இருபது வருஷம் கழிந்தும் ஊருக்குப் புதியவர்கள்தான்.

முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னது ஒரே ஆள். பாலாடைக்கட்டி விற்கிற இசபெல் ரட்ஜ். எனக்கு அடுத்த கடை. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள்.

இசபெல்லின் கதை ஊருக்கே தெரியும். பவனியில் வெள்ளிக்கோல் பிடித்து முன்னால் நடக்கிற கோயில் ஊழியர் கத்பர்ட் பிம், பிறந்ததிலிருந்து புன்னகை செய்து பழகாத மனிதர். எட்டு வருஷத்துக்கு முன் பேராலயக் கண்காட்சியில் மார்மலேட் போட்டிக்கு அவரை நடுவராகப் போட்டார்கள். ஆரஞ்சுத் தோலை நறுக்கிக் காய்ச்சுகிற அந்தப் பாகில் இசபெல்லை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. அந்த வருஷம் அவளுக்கு இரண்டாம் பரிசு. அதையாவது பொறுத்திருப்பாள். ஜாடியின் பக்கத்தில் பிம் ஒரு அட்டையில் தன் குண்டு குண்டான எழுத்தில் 'பதம் சற்றே இளக்கம்' என்று எழுதி வைத்திருந்தார். அன்று போனவள்தான். கோயில் வாசலை மிதிக்கவில்லை, பிம்மோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டைக்கூட வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

வளையத்தில் ரட்ஜ் குடும்பத்து இடம் பிம் குடும்பத்து இடத்துக்குப் பக்கத்து இடம். வடக்குச் சுவரில், அதற்கு முட்டுக்கொடுக்கும் இரண்டு உதைசுவர்களுக்கு நடுவே. அவள் கடையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே. எட்டு வருஷமாகத் தன் காலி இடத்தைத் தானே பார்த்துக்கொண்டு பாலாடைக்கட்டி அறுக்கிறாள்.

"சந்தை போயிடும் இசபெல்."

"போகட்டும். பணிமனைக்குப் பின்னாடி நின்னு விக்கிறேன். அந்தாள் கையப் பிடிக்கமாட்டேன்."

"ஒரு சங்கீதம் பாடுற நேரம்."

"நீ வேணா பிடி. இளக்கமா இருக்கும்."

நான் என் கடைக்குத் திரும்பினேன். எந்தச் சரக்கு விலைபோகாது என்று தெரிவதும் வியாபாரம்தான். அவள் ஒருத்தி போனால் போகட்டும், அந்த இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கேதான் நான் என் சொந்த ஊரையே சரியாகப் புரிந்துகொள்ளாதவன் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை தூறல். தூறல் என்றால் எங்களுக்கு நல்ல நாள். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மேட்டுத் தெரு முழுக்க இறங்கிவந்தது. படகுக்காரர்கள், புதுக் குடியிருப்பு, முதியோர் இல்லத்துச் சக்கர நாற்காலிகள், பள்ளிக்கூடப் பாடகர் குழு. சந்தைக்காரர்கள் கடையைத் துணிபோட்டு மூடிவிட்டு வந்தார்கள். இசபெல் மட்டும் மூடவில்லை. கடைக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் தாராளம். இரண்டு பேராலயத்தைக் கட்டிப்பிடிக்கலாம்.

பாடகர் குழு தொண்டையைச் செருமியது. கைகள் கோத்தன. நான் வெளியே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கப் போனேன். தெற்கு வாசலில் ஓட்டை. கிழக்கே இரண்டு ஓட்டை. பீடத்துப் பின்சுவரில் ஒரு குதிரைவண்டி போகிற அளவுக்கு ஓட்டை. ஆனால் அந்த ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் இரண்டு வரிசை, மூன்று வரிசையாக நெருக்கியடித்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

பின்வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற பல்வைத்தியரிடம், முன்னால் இவ்வளவு இடம் கிடக்கிறதே, போய் நின்றால் என்ன என்று கேட்டேன். அவர் அதிர்ந்துபோனார்.

"அது விக்கரி குடும்பத்து இடம்ங்க."

"விக்கரி குடும்பம் கனடாவுக்குப் போய்ப் பதினஞ்சு வருஷம் இருக்குமே."

"இருக்கட்டும். திடீர்னு வந்துட்டாங்கன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் ஆளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. அடுத்தவர் இடத்தில் நிற்கிற தைரியத்துக்குத்தான் பஞ்சம். ரயிலில் ஒரு செய்தித்தாளை இருக்கையில் போட்டுவிட்டுப் போனால் லண்டன் வரைக்கும் அதில் யாரும் உட்காராத ஜனம் இது. செத்தவர், போனவர், கோபித்துக்கொண்டவர் எல்லாருக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். இருக்கிறவர்கள் பின்வரிசையில் நின்று பாடினார்கள். ஒவ்வொருவரும் மரியாதைக்காக ஓர் ஆள் இடம் விட்டதில்தான் வளையம் உடைந்து கிடந்தது.

மேற்கு வாசல் படியில் குருவம்மா தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கோபுரக் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நல்லவேளையாக எங்கள் கடிகாரம் எப்போதும் பிந்தித்தான் அடிக்கும், பல திருமணங்களைக் காப்பாற்றிய கடிகாரம் அது.

இவர்களிடம் நியாயம் பேசிப் பிரயோசனமில்லை என்று தெரியும். நியாயம் பேசினால் ஒரு குழு அமைப்பார்கள். அடுத்தவர் இடத்தை இவர்கள் எடுக்கமாட்டார்கள், சரி. ஆனால் மலிவாக வந்த எதையும் விட்டதும் இல்லை. ரஸ்ஸலின் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறினேன். சந்தையில் தட்டு விற்கிற குரலை எடுத்தேன்.

"பாருங்கய்யா பாருங்க. ஒரு ஆள் நிக்கிற இடம், முதல்தரம். தலைக்கு மேல நாக்க நீட்டுற கல்லுப் பூதம், அது இனாம். மழை பெஞ்சா நேரா உங்க கழுத்துலதான் ஊத்தும், அதுவும் இனாம். விக்கரி குடும்பம் மூணு தலைமுறை நின்னு மிதிச்சுப் பதமாக்கி வெச்ச தரை. வெல என்ன? காசு வேணாம். பக்கத்துல நிக்கிறவர் கிட்ட உங்க பேரச் சொல்லிக் கையக் குடுக்கணும், அவ்வளவுதான் வெல. விக்கரி வந்தா என்னை வந்து கேக்கச் சொல்லுங்க. வித்தது நான்."

அப்புறம் புதுக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல லேசாகக் கையைத் தூக்கினாள். வித்தாச்சு என்று கத்தினேன். அவள் போய் நின்றாள். பல்வைத்தியருக்குப் பொறுக்கவில்லை. நல்ல சரக்கு கண்ணெதிரே போகிறதே. அடுத்த இடத்துக்கு அவர் கை உயர்ந்தது. அதற்கப்புறம் என் தொண்டைதான் தேய்ந்தது. தூணோடு ஒன்று, தூண் இல்லாமல் ஒன்று, காற்று அடிக்காத மூலை, புறா எச்சம் போடாத மூலை. ரஸ்ஸல் மீன் கையைத் துடைத்துத் துடைத்துத் தயங்கினான். காலஞ்சென்ற வங்கி மேலாளரின் மனைவி, "குடுங்க தம்பி, எனக்கு ஒரு வாரமா மூக்கடைப்பு" என்று அவன் கையைப் பற்றிக்கொண்டார். கிழக்குச் சுவர் மூடியது. தெற்கு மூடியது. பின்வரிசை கரைந்துபோனது. இன்னும் வெளியே நிற்பது புகைப்படம் எடுக்கிற சுற்றுலாக்காரர்கள் மட்டும்தான்.

மூடாதது ஒன்றே ஒன்று. வடக்கே, இரண்டு உதைசுவர்களுக்கு நடுவே. இடது பக்கம் பிம், விறைப்பாக, காலிப் பக்கத்துக் கையைப் பாதி நீட்டியபடி. எட்டு வருஷமாக அந்தக் கையை அப்படித்தான் நீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அந்த இடத்தை ஏலம் போட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கனடாவுக்குப் போனவர் இடத்தை விற்கலாம். கண்ணெதிரே இருபதடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் இடத்தை எப்படி விற்பது? ஊரே திரும்பி இசபெல்லைப் பார்த்தது.

அவள் வாயைக் கோணினாள். "அந்தாள் சொல்லட்டும்" என்றாள். "பதம் சரியாத்தான் இருந்துச்சுன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லட்டும். வர்றேன்."

நான் பிம்மைக் கெஞ்சலாகப் பார்த்தேன். ஒரே ஒரு பொய் சொல்லய்யா, ஆண்டவன் பெரியவன், மன்னிப்பான் என்று கண்ணாலேயே சொன்னேன். பிம் கண்ணை மூடித் திறந்தார். அந்த மனிதரிடம் போய்ப் பொய் கேட்ட என்னைச் சொல்லவேண்டும்.

"இளக்கமாத்தான் இருந்துச்சு மிஸ் ரட்ஜ்" என்றார்.

கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்துக்கொண்டது. போச்சு, பணிமனைதான் என்று நினைத்தேன்.

"இளக்கமா இருந்ததால கரண்டி தேவைப்படல" என்றார் பிம், அதே பவனிக் குரலில். "போட்டி முடிஞ்சதும் ஜாடிய நான் எடுத்துட்டுப் போனேன். அங்கி மாத்துற அறையில நின்னுக்கிட்டே விரலால வழிச்சுத் தின்னேன். முதல் பரிசு வாங்கினதத் தின்னுப் பாக்கவே எனக்குத் தோணல. அந்த ஜாடி இன்னும் ஜன்னல்ல இருக்கு. மெழுகுவத்தித் துண்டு போட்டு வெச்சிருக்கேன்."

இசபெல் கட்டிய கையை அவிழ்த்தாள்.

"ஜாடிய எட்டு வருஷமாத் திருப்பித் தரலையே" என்றாள். "எங்க வீட்ல ஜாடி என்ன மரத்துலயா காய்க்குது?"

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாலாடைக்கட்டி நாறும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று பொதுவாக எல்லாருக்குமாகச் சொன்னாள். பிம்மின் கையைப் பார்க்காமல் பிடித்தாள். பிம்மின் வாயோரம் என்னமோ அசைந்தது. அதைப் புன்னகை என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை.

நான் பெட்டியிலிருந்து குதித்து ஓடி என் இடத்தில் நின்றேன். அவளுக்கு வலப்பக்கம், என் அப்பா நின்ற இடம். அந்தப் பக்கத்துப் பூக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இசபெல்லுக்குக் கையை நீட்டினேன்.

எட்டவில்லை.

இன்னும் நீட்டினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. நடுவில் ஓர் ஆள் இடம்.

"என்னய்யா வியாபாரி" என்றாள் இசபெல் மெதுவாக. "ஊரு இடத்தையெல்லாம் வித்தியே. இது யாரு இடம்?"

"அம்மாவோடது" என்றேன்.

ஒன்பது வருஷமாக என் அம்மா இல்லை. ஒவ்வொரு செப்டம்பரும் அந்த இடத்துக்குக் குறுக்கே குடையை நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் பாடினேன். அன்று சுற்றிச் சுற்றி வந்து எல்லார் ஓட்டையையும் எண்ணினேனே, இது ஓட்டையாகவே என் கண்ணில் படவில்லை. அது அம்மா.

அம்மாவும் தட்டு விற்றவள்தான். ஆறு தட்டை விசிறி போல விரித்து மேலே எறிந்து, ஒன்றுகூட உடையாமல் பிடிப்பாள். காலியாகக் கிடக்கிற தட்டும் கடையும் அவளுக்கு ஆகவே ஆகாது. வைத்துப் பூட்டினால் சரக்குக்குத் தூசிதான் மிச்சம் என்பாள்.

பன்னிரண்டு அடிக்கக் கடிகாரம் கரகரவென்று மூச்சு வாங்கியது. யாரைக் கூப்பிடுவது என்று திரும்பினேன். சுற்றுலாக்காரர்கள் கூடாது. ஊர்க்காரர் எல்லாருடைய கையும் பிடிபட்டுக் கிடந்தது. மேற்குப் படியிலிருந்து இறங்கி, வளையத்துக்கு வெளியே குருவம்மா வந்து நின்றுகொண்டிருந்தார். கை இரண்டையும் அங்கிக்குள் விட்டிருந்தார்.

வந்து நில்லுங்கள் என்றேன்.

"நானா?" என்றார். "எனக்கு இங்க இடம் ஏது மிஸ்டர் ஹாப்குட்? ரெண்டு வருஷமாப் பாக்கிறேன், எங்க போய் நின்னாலும் இது இன்னார் வீட்டு இடம்னு ரொம்ப மரியாதையாச் சொல்லிடறாங்க. அதான் படியில நிக்கிறேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஊரில் செத்தவருக்கெல்லாம் இடம் இருந்திருக்கிறது. உயிரோடு வந்தவருக்கு, அதுவும் கோயிலே அவர் பொறுப்பில் இருக்க, ஓர் அடி தரை இல்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவருக்குத் தோன்றாமல் வேறென்ன தோன்றும்?

கையை நீட்டிக் காட்டினேன். இந்த இடம் என்று சொல்லவேண்டும். அம்மாவுடையது, இனி உங்களுடையது என்று சொல்லவேண்டும். விலைபேசவும் அதுதான் தருணம். ஒரு ஆள் குறைகிறது, மணி அடிக்கப்போகிறது, சரக்கு என் கையில். பத்து வருஷம் என்று துணிந்து கேட்டிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். சந்தையில் அழுத பீங்கான்காரனிடம் அடுத்த வாரம் எவன் முழு விலை கொடுப்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு, அவரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குருவம்மா என் முகத்தைப் பார்த்தார். காலியிடத்தைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"மூணு வருஷம்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. முடியவில்லை.

"அஞ்சு."

கண்ணைச் சிமிட்டினால் வழிந்துவிடும் என்று சிமிட்டாமல் நின்றேன்.

"கல்லுய்யா நீங்க" என்றார் குருவம்மா. "சரி, ஏழு. அதுக்கு மேல ஒரு நாள் கூடக் கிடையாது. வேதத்துலயே ஏழுதான் முழுமையான எண்ணு."

வந்து நின்றார். ஒரு கையை இசபெல்லிடம் கொடுத்தார், ஒரு கையை என்னிடம். பெயரைச் சொல்லவேண்டும், அதுதான் விலை என்று இசபெல் நினைவூட்டினாள். ஹெஸ்டர் என்றார் அவர். முதல் மணி விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரு அழுத்தம் கை கையாக வந்து என் விரலை நெரித்துவிட்டு அடுத்த பக்கம் போனது. யார் தொடங்கியது என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் அப்படியெல்லாம் செய்கிற வழக்கம் இல்லை.

பாடினோம். மூன்று தடவை முன்னால் போய்ச் சுவரைத் தொட்டோம். கல் ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. இசபெல் தொட்டுவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை குருவம்மா சொன்னபடி செய்தார். கூரைக்கு என்ன வழி என்று இப்போது சபையும் சந்தையும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடுகிறோம். தகடு இன்னும் ஒழுகத்தான் செய்கிறது. ஏழு வருஷம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பிம் ஒரு ஜாடியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து பாலாடைக்கட்டிக் கடையில் வைத்தார். இசபெல் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெழுகு சரியாகப் போகவில்லை என்றாள். ஜனவரியில் கசப்பு ஆரஞ்சு வரட்டும், அதுவரை ஜாடி தன்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

குருவம்மாவும் அன்று என் கடைக்கு வந்தார். நீலப் பூ போட்ட ஒரு கெண்டியை எடுத்தார். காலடியைப் பார்த்து நடந்துதான் வந்தார், அதனால் உள்ளூர் விலையைச் சொல்லலாம் என்றிருந்தேன்.

"என்ன விலை?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் வாயை இறுக்கிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். கண்கூடச் சிமிட்டவில்லை.